ஆறாவது அடுப்பு

அந்தப் பேச்சு முழுதாக ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது. ஆனால் டைம்பீஸ் அக்காவுக்கு அது மனப்பாடம். பாத்திரம் துலக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போகும்போதும், கணவர் ஒரே கேள்வியை மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை வரிசை மாறாமல் அது காதில் ஓடும்.

முதலில் பேசியது நர்ஸ். தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் பன்னிரண்டு பேர் ஆறு பேராகக் குறைந்திருந்த சுற்று அது. மேடையில் இருந்தது ஆறு அடுப்புதான், அதுவரை இரண்டு அணியாகப் பிரிந்து சமைத்திருந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே வேலைதான். எலும்புச் சாற்றைக் கொதிக்க வைத்து, கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சுண்டவிட்டு, வறுத்த இறைச்சியின் மேல் ஊற்றித் தர வேண்டும். நேரம் ஐம்பத்தைந்து நிமிடம். முப்பதாவது நிமிடத்தில், ஆறாவது அடுப்பில் நின்றிருந்த நர்ஸ் கையைத் தூக்கினாள்.

“சார், என் அடுப்புல தீ ஏற மாட்டேங்குது.”

டைரக்டர் உடனே படப்பிடிப்பை நிறுத்தினார். மற்றவர்களின் சாறு அதற்குள் கொதித்துவிட்டால் நியாயம் ஆகாதே என்று, ஆறு பேரையும் அடுப்பை அணைக்கச் சொன்னார். கடிகாரமும் நின்றது. பிறகு, அந்த மேடையில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சமைத்துப் பார்க்கிறவர் என்பதால் அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா வந்து ஆறாவது அடுப்பைப் பற்ற வைத்தார். தீ நீலமாக, வட்டமாக, குறை சொல்ல முடியாதபடி எழுந்தது.

“எங்கம்மா ஏறல? பாரு, எவ்வளவு நல்லா எரியுது.”

“இப்ப எரியுதுக்கா. அப்ப எரியல.”

“ஏம்மா, அடுப்பு என்ன ஆளைப் பார்த்தா எரியும்?” அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

“நான் பொய் சொல்வேனாக்கா?”

“பொய்னு யாரு சொன்னா? பதட்டத்துல அப்படித் தோணும். எனக்கே தோணியிருக்கு.”

டைரக்டர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். “அக்கா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. அடுப்பு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. ஆறு அடுப்பும் மறுபடி எரிந்தன. மிச்சமிருந்த இருபத்தைந்து நிமிடமும் ஓடித் தீர்ந்தது. பெரிய ஜட்ஜ் நர்ஸின் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உயரத்திலிருந்து வழியவிட்டார். “இது சாறு இல்லம்மா. சாறு குளிச்ச தண்ணி,” என்றார். நர்ஸ் மேலங்கியைக் கழற்றி, நான்காக மடித்து, மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா அதற்கு முன் இருபத்துமூன்று வருடம் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதியில் மெஸ் நடத்தியவர். இருநூற்று நாற்பது பேருக்கு மூன்று வேளை. சமையலறைச் சுவரில் மாட்டிய கடிகாரம் எதுவும் அந்த நீராவியில் ஆறு மாதம் தாங்கியதில்லை. அதனால் மேஜைமேல் வைக்கிற சின்ன டைம்பீஸ் ஒன்றுக்கு நாடா கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். பட்டப்பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க ஒரு கணம் ஆகும். “ஊர்ல எல்லாரும் தாலி போட்டா இவ டைம்பீஸ் போடுறா,” என்பது கணவரின் பழைய கிண்டல். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

விடுதியை மூடியபோது, தங்கை மகள்தான் அவரைப் போட்டி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். போட்டியாளர்கள் கையெழுத்துப் போடும் சவால் தாள்களை இரண்டு மொழிகளில் எழுதுவது அவள் வேலை. அதிகம் பேசாத பெண். அன்றும் “எங்க பெரியம்மா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள். மற்றதை டைம்பீஸ் பேசியது.

அக்காவின் வேலை வெளியே தெரியாத வேலை. ஒவ்வொரு சவாலையும் படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பே அவர் அதே மேடையில் சமைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனதோ அதோடு பதினைந்து நிமிடத்தைக் கூட்டிச் சொல்வார். அதுதான் போட்டியாளர்களுக்குக் கிடைக்கும் நேரம். தனக்குக் கை பழகிய இடம், வருகிறவர்களுக்கு உப்பு டப்பா எங்கே என்பதே புதுசு என்பது அவர் கணக்கு. டைரக்டர் ஒவ்வொரு முறையும் பேரம் பேசுவார்.

“அஞ்சு நிமிஷம் குறைங்கக்கா. கொஞ்சம் கண்ணீர் வரட்டும்.”

“கண்ணீர் வேணும்னா வெங்காயம் குடுங்க தம்பி. நிமிஷத்துல கை வைக்காதீங்க.”

வேறு ஆட்கள் இருக்கும்போது ‘சார்’, இல்லாதபோது ‘தம்பி’. அந்த எல்லையை அக்கா தாண்டியதில்லை. அதேபோல் நிமிடத்தையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருமுறை சர்க்கரைப் பாகில் கோபுரம் கட்டும் சவாலுக்கு அரை மணி போதும் என்று பெரிய ஜட்ஜே சொல்லிவிட்டார். அக்கா மூன்று முறை கட்டினார், மூன்றும் சரிந்தன. சரிந்த மூன்றையும் தட்டில் வைத்து, டைரக்டர் மேஜையில் வரிசையாகப் பரப்பிவிட்டு வந்தார். சவால் மாறியது. இன்னொரு முறை, ஜட்ஜுகள் எப்போதும் ஒன்றாம் அடுப்பிலிருந்து ருசிக்கத் தொடங்குவதால் கடைசி ஆளின் சாப்பாடு ஆறிப்போகிறது என்று சண்டை போட்டு, வாரத்துக்கு வாரம் வரிசையைத் திருப்ப வைத்தார். அடுப்பு எண்ணுக்குச் சீட்டு எடுக்கும் வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். டப்பாவைக் குலுக்கி, மூடியைத் திறந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டுவதும் அவரேதான்.

ஜெயித்தவர் சந்தோஷத்தில் அழுதால் அக்காவுக்கு ஒன்றும் தோன்றாது. தோற்றவர் “நேரம் போதலை” என்று சொல்லாமல் போனால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

நர்ஸ் வெளியேறிய சுற்று மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பானது. கணவர் பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு நாற்காலி போட்டிருந்தார். திரையில் நர்ஸ் கையைத் தூக்கினாள். “தீ ஏற மாட்டேங்குது.” அடுத்து அக்காவின் முகம், திரை முழுக்க. “நல்லா இருக்கு.” அதன் பின்னால் எல்லோரும் சிரித்த சிரிப்பு. நடுவில் நர்ஸ் பேசியது எதுவும் இல்லை. தொகுப்பாளர் கேமராவைப் பார்த்து, “அடுப்புக்கு வாய் இல்லேங்கிற தைரியம்தான்,” என்று கண்ணடித்தார்.

வீடே கை தட்டியது. மறுநாள் மளிகைக் கடையில் ஒருவர், “நல்லா இருக்கு அம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க,” என்றார். அக்கா அதற்கெல்லாம் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு வாரம் டைம்பீஸின் நாடாவைக்கூடத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

போட்டி முடிந்தது. யாரோ ஒரு டிரைவர் ஜெயித்தார். கடைசி நாள், குழுவில் இருந்த எண்பது பேருக்கும் அக்காவே அதே மேடையில் சமைத்துப் போடுவது என்று ஏற்பாடு. அந்த மேடையில் ஆறு அடுப்பையும் ஒரே சமயத்தில் அவர் பற்ற வைத்தது அன்றுதான்.

ஆறாவதில் காய்கறி சூப். மற்ற ஐந்தும் கொதித்து அடங்கிவிட்டன, சூப் மட்டும் ஓரத்தில் இரண்டு குமிழி விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அக்கா முதலில் பாத்திரத்தைத் திட்டினார். பிறகு டைம்பீஸைப் பார்த்தார். குனிந்து தீயைப் பார்த்தார். மஞ்சளாக, ஊதினால் அணைந்துவிடும்போல இருந்தது. சரி, பாத்திரத்தைப் பக்கத்து அடுப்புக்கு மாற்றலாம் என்று ஐந்தாவதை அணைத்தார்.

ஆறாவதில் தீ ‘புஸ்’ஸென்று எழுந்தது.

அக்கா ஐந்தாவதைத் திரும்பப் பற்ற வைத்தார். ஆறாவது சுருங்கியது. அணைத்தார், எழுந்தது. நான்காவதையும் அணைத்தார், இன்னும் எழுந்தது. ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கும் குழந்தையைப்போல் நான்கைந்து முறை செய்தார். லைட் போடுகிறவர், “என்னக்கா, தீபாவளியா?” என்று கேட்க வாயெடுத்தவர் போல நெருங்கி வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் குழாயைத் திறந்தால் மேல் வீட்டில் தண்ணீர் நூலாக வரும். கணவர் தினமும் அதற்காக ஜன்னல் வழியே கத்துவார். அது தண்ணீர்க் குழாய், இது கேஸ் குழாய். முதல் ஐந்து அடுப்பும் குடித்தது போக மிச்சம்தான் ஆறாவதுக்கு.

சவால்களை எல்லாம் அக்கா சமைத்துப் பார்த்தது ஒன்றாம் அடுப்பில். சாமான் அலமாரி அதற்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். அதுவும் தனி ஆளாக. ஆறு பேர் ஒன்றாகச் செய்யப்போவதை ஒருத்தியாகச் செய்து பார்த்து நிமிடம் சொல்லியிருக்கிறார். நர்ஸின் அடுப்பைப் பார்த்தபோதோ மற்ற ஐந்தும் அணைந்திருந்தன. யாருக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று அணைத்தவை.

அன்று அவர் பரிமாறவில்லை. தங்கை மகளைத் தேடிப் போய், சீட்டில் யாருக்கு எந்த அடுப்பு விழுந்தது என்று எழுதிய தாள்களைக் காட்டச் சொன்னார். அவள் உடனே ஃபைலை எடுத்து வந்தாள். நர்ஸோடு சேர்த்து அதுவரை வெளியேறியவர்கள் ஏழு பேர். ஏழில் நான்கு பேர் தோற்ற அன்று நின்றது ஆறாவது அடுப்பில். அக்கா டப்பாவை நீட்டியபோது அந்த நான்கு பேரும் கையை விட்டுத் துழாவி, சிரித்துக்கொண்டே சீட்டைப் பிரித்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.

டைரக்டர் கெட்டவர் இல்லை. அக்கா சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. மேடைக்கு வந்து, அடுப்பைத் தானே பற்ற வைத்து அணைத்துப் பார்த்தார்.

“அடுத்த சீசனுக்குக் குழாயை மாத்திடறேன்க்கா. திங்கட்கிழமையே ஆளைக் கூப்பிடறேன்.”

“அந்தப் பொண்ணு, தம்பி?”

“அது ஒளிபரப்பாகிப் போச்சு. ஜெயிச்சவரு கோப்பையோட ஊருக்குப் போயிட்டாரு. இப்பப் போயி என்னத்தைச் சொல்றது?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெளிய வந்தா முதல்ல உங்க தலைதான்க்கா உருளும். நல்லா இருக்குன்னு சொன்னது நானா?”

அதில் மிரட்டல் இல்லை, உண்மைதான் இருந்தது.

வீட்டில் கணவர், “வேணும்னேவா செஞ்சே? தெரியாம நடந்ததுக்கு எதுக்கு இப்படி மோட்டுவளையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கே?” என்றார். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். ஆள் ஏறினால் நிற்கிற லிஃப்ட், வெறுமனே ஓட்டிப் பார்த்தால் ஒழுங்காக ஓடும் என்றும், தான் அதற்காகவே நான்கு மணல் மூட்டையை ஏற்றிப் பார்ப்பது வழக்கம் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் வரிசை. டோக்கன் வாங்காமல் பேச முடியாது என்றார்கள், வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் போன பெரியவர் சட்டையைச் சுருட்டிக்கொண்டே, “சிஸ்டர், வலிச்சா ஊசி மேல பழி போடக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்,” என்றார். வரிசை சிரித்தது. நர்ஸும் சிரித்தாள். பழகிப்போன சிரிப்பு. பெரியவருக்கு வலிக்காமல்தான் குத்தினாள்.

அக்காவின் முறை வந்தபோது அவள் தலை நிமிரவில்லை.

“எந்தக் கைலம்மா?”

“ஊசிக்கு வரலம்மா.”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் கழுத்தைத்தான் பார்த்தாள். டைம்பீஸ் இல்லை. அக்கா அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

வரும் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் அந்த மருந்து வாடையில் நிற்கவில்லை. “அன்னைக்கு உன் அடுப்பு எரியலம்மா. மத்த அஞ்சும் அணைஞ்சிருக்கும்போது நான் பார்த்தேன். அதான் எரிஞ்சது. நீ சொன்னது நிஜம்,” என்று மட்டும் சொன்னார்.

நர்ஸ் பஞ்சை எடுத்து, தேவையே இல்லாமல் மேஜையின் ஓரத்தைத் துடைத்தாள்.

“நிஜம்னு எனக்குத் தெரியாதாக்கா? நான்தானே அங்க நின்னேன்?”

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவள் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள். “இந்த ஆளுங்க சிரிக்கிறது ஒண்ணுமில்ல. நாலு மாசத்துல வேற எதுக்காவது சிரிப்பாங்க. என் பொண்ணு பக்கத்துல உக்காந்துதான் டிவி பார்த்தா. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதும் திரும்பி என்னைப் பார்த்தா. ஒண்ணும் கேக்கல. பொய் சொன்னியாம்மான்னு கேட்டிருந்தா, இல்லடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். கேக்கலையே.”

“நான் வந்து அவகிட்ட சொல்றேம்மா.”

“நான் கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சேன்னு நினைப்பா.” நர்ஸ் அடுத்த ஊசிக்கான மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “டிவில பார்த்துட்டா. இனி வாயால சொன்னா ஏறாது. நீங்க எங்கிட்ட சொல்லிட்டீங்க, உங்களுக்குப் பாரம் இறங்கியிருக்கும். நல்லது. அடுத்தவரை வரச் சொல்லுங்க.”

பாரம் இறங்கவில்லை. அன்றைக்கும் மறுநாளைக்கும் அக்கா வீட்டில் உலை வைப்பதும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுமாக இருந்தார். கணவர் ஜன்னல் வழியே கீழ் வீட்டைப் பார்த்துக் கத்துவதை நிறுத்திவிட்டார். டைரக்டர் இரண்டு முறை போனில் கூப்பிட்டார். அடுத்த சீசனில் அக்காவுக்குத் தனியாக ஒரு பகுதி வைக்கலாம் என்று யோசிப்பதாகவும், ‘நல்லா இருக்கு’ என்பதையே அதற்குத் தலைப்பாகப் போடலாம் என்றும் சொன்னார். பேசி முடித்ததும் அக்கா போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, பிறகு அதைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை மகள் வந்தாள். வழக்கமாக அவள் வந்தால் பெரியம்மாவும் பெரியப்பாவும் பேசுவார்கள், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று பெரியப்பா செய்தித்தாளோடு வெளியே போய்விட்டார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்கார்ந்தார். கழுத்தில் டைம்பீஸ் திரும்ப ஏறியிருந்தது. அரங்கத்துச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, காபிக்குப் பக்கத்தில் வைத்தார். தங்கை மகளிடம் அதுவரை அவர் எதையும் கேட்டதில்லை. வேலைக்குக் கூட்டிப் போனதுகூட அவளாகச் செய்ததுதான்.

“நாளைக்குக் குழாயை மாத்திடுவாங்க. மாத்திட்டா அப்புறம் நான் என்ன சொன்னாலும் கிழவி உளர்றான்னு போயிடும். இன்னைக்கு ஆறு அடுப்புலயும் ஒரே மாதிரி பாத்திரம், ஒரே அளவு தண்ணி வைக்கப்போறேன். ஆறையும் ஒண்ணாப் பத்த வைப்பேன். டைம்பீஸை நடுவுல வைக்கிறேன், அதுவும் தெரியட்டும், என் மூஞ்சியும் தெரியட்டும். அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னது நான்தான்னு முதல்ல சொல்லிடறேன். நீ போன்ல படம் எடுத்துக் குடு. உன் பேர் வேண்டாம், குரல் வேண்டாம், கை மட்டும் போதும். உன் வேலைக்கு வில்லங்கம் வரும்னு தோணினா இப்பவே சொல்லிடு, பெரியம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா எடுக்கிறதுன்னா ஒண்ணு. முதல் அடுப்பு சட்டுனு கொதிச்சிடும், மத்ததும் ஒவ்வொண்ணா கொதிச்சிடும். ஆறாவதுக்கு ரொம்ப நேரம் ஆகும். கை வலிக்கும், இதைப் போயி யாரு உக்காந்து பார்ப்பாங்கன்னு தோணும். நடுவுல மட்டும் வெட்டிடாதே. அது கொதிக்கிற வரைக்கும் நிறுத்தாம எடு.”